படி இறங்க முடியாத மூன்றாம் நாள்: அளவு மீறிய எடைப் பயிற்சிக்குப் பிறகு என்ன செய்வது?

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்று உங்கள் சிறுநீர் என்ன நிறத்தில் இருந்தது?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். முந்தாநாள் ஜிம்மில் ஆர்வக்கோளாறில் எடை தூக்கிவிட்டு, இன்று நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி தேடுகிறவருக்குத் தொடைவலியைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்காது. ஆனாலும் வலியைத் தணிக்கும் வழிகளுக்குப் போகுமுன் இது வெறும் வலிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றில் பெரும்பாலோருக்கு வெறும் வலிதான். அந்த மிச்சச் சிலரில் நீங்கள் இல்லை என்பதை உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஆபத்தா, இல்லையா?

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. பால் கலக்காத கடுந்தேநீர் போலவோ கோலா பானம் போலவோ பழுப்பாக இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். (நேற்று பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் சிறுநீர் சிவக்கலாம். சந்தேகம் இருந்தால் அதையும் மருத்துவரிடமே சொல்லுங்கள், நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.)

அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். தசைக்குள் ஆக்ஸிஜனைச் சேமித்து வைப்பது அதன் வேலை. தசைச் செல்கள் பெருமளவில் சிதைந்தால் அது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கும். கூடவே கசியும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். இந்த நிலைக்கு ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். 1941இல், லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளில் கைகால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தால் வருவது, ஜிம்மில் நாமே வலிந்து செய்துகொண்டாலும் வரும். அரிதுதான். ஆனால் வருகிறவர்களில் முதல்நாள் பயிற்சிக்காரர்களும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பியவர்களும், நண்பரோடு பந்தயம் கட்டி நூறு முறை உட்கார்ந்து எழுந்தவர்களும் கணிசம்.

நிறம் மாறாமலும் இது வரலாம். எனவே வேறு சிலவற்றையும் பாருங்கள். வலித்த இடம் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியிருக்கிறதா? கையையோ காலையோ மடக்கவும் நீட்டவும் சக்தியே இல்லாமல் தொங்குகிறதா? வலி நான்காம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகிறதா? வாந்தி, காய்ச்சல், குழப்பம், சிறுநீர் மிகக் குறைவாகப் போவது ஆகியவற்றில் ஏதேனும் உண்டா? ஒன்றிருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்கள், அரிவாள்செல் மரபணு (இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் மரபுக் குறை) உள்ளவர்கள், அண்மையில் காய்ச்சல் வந்து போனவர்கள், கடும் வெயிலில் பயிற்சி செய்தவர்கள் ஆகியோர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாள், எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதைச் சொல்லி, கிரியேட்டின் கைனேஸ் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதி அது. ஏறுவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால், பயிற்சி செய்த அன்றே எடுத்த பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியடைய முடியாது. மறுபுறம், கடுமையாகப் பயிற்சி செய்த நலமான ஒருவருக்கும் அந்த எண் பல மடங்கு ஏறியிருக்கும். ஆகவே எண்ணை வைத்து நீங்களே பயந்துகொள்வதும் வீண்.

இன்னும் மூன்று நிலைகள் வேறு வகை. பயிற்சியின் நடுவே "படக்" என்று ஏதோ அறுந்தது போல வலித்தது, ஒரே பக்கத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் காயம். மூட்டுக்குள் வலித்தாலும், தோலில் இரத்தம் கட்டியிருந்தாலும் அப்படித்தான். தசை கல்லாக இறுகி, அதற்குக் கீழே மரத்துப் போனாலோ ஊசி குத்துவது போல இருந்தாலோ அது அவசர நிலை. மூன்றாவது, நெஞ்சு. தண்டால், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடை தூக்குவது) செய்த மறுநாள் நெஞ்சு வலித்துப் பதறாத புதியவர் இல்லை. அழுத்தினால் வலிப்பதும் கையை விரித்தால் வலிப்பதும் தசைவலியின் இயல்பு. ஆனால் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்று இருந்தால், முந்தாநாள் எதைத் தூக்கியிருந்தாலும் சரி, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படியானால் இந்த வலி என்ன?

ஆபத்து இல்லை என்று தெரிந்துவிட்டது. இனிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

"லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, அதுதான் வலி" என்று ஜிம்மில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். சொன்னது தவறு. பயிற்சியின்போது சேரும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். மூன்றாம் நாள் காலை வலிக்கு அதன்மேல் பழிபோட முடியாது. தாமதமாக வரும் இந்த வலி தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சிதைவோடு தொடர்புடையது என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902லேயே எழுதினார். தசை இழைகளிலும் அவற்றைச் சுற்றிய உறைகளிலும் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பழுதுபார்க்க உடல் அழற்சியை ஏவுகிறது. அதனால் அங்குள்ள நரம்பு முனைகள் கூருணர்ச்சி அடைகின்றன. சும்மா தொட்டாலே சுரீர் என்பது அதனால்தான்.

எந்த அசைவு இதை அதிகம் செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எடையைத் தூக்குவதைவிட, அதைத் தாங்கிக்கொண்டே மெல்ல இறக்குவதுதான் தசையை அதிகம் பதம்பார்க்கிறது. தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் தருணம் அது. டம்பெல்லைக் கீழே கொண்டுவருவது, உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் கீழிறங்குவது, மலையிலிருந்து இறங்குவது எல்லாம் இதில் சேர்த்தி. இப்போது படி ஏறுவதைவிட இறங்குவது ஏன் கொடுமையாக இருக்கிறது என்பதும் விளங்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உங்கள் முழு எடையையும் தாங்குகிறது.

வலி பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும். ஐந்து முதல் ஏழு நாட்களில் அடங்கிவிடும். ஆகவே இரண்டாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருந்தால், நிலைமை கைமீறுகிறது என்று பொருளல்ல. நான்காம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் மேலே சொன்ன பட்டியலுக்குத் திரும்புங்கள்.

முதல் மாலை

பயிற்சி முடிந்த அன்றே "அதிகமாகச் செய்துவிட்டேன்" என்று சிலருக்குத் தெரிந்துவிடும். கை நடுங்கும், சாவியைப் பூட்டில் நுழைக்க வராது. அன்று மாலை செய்ய வேண்டியவை சாதாரணமானவைதாம்: வயிறாரச் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், சீக்கிரம் படுங்கள். லிட்டர் கணக்கில் தண்ணீரை வலிந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வேறு வம்பு வரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவு போதும். மது வேண்டாம். உடல் நீரை இழக்கும், தூக்கம் கெடும்.

மறுநாள் வலிக்குமே என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. நீர்ச்சத்து குறைந்து, சிதைந்த தசையின் கழிவும் சிறுநீரகத்தின் தலையில் விழும் நாளில் அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவானேன்? இளைஞர்களுக்கு எட்டு வாரம் நாள்தோறும் 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் தசை வளர்ச்சியும் குறைந்திருந்தது. தூங்கவே முடியாத வலி என்றால், கல்லீரல் நோயும் மதுப் பழக்கமும் இல்லாதவர்கள் உறையில் உள்ள அளவைத் தாண்டாமல் பாராசிட்டமால் எடுக்கலாம். வேறு மருந்துகள் எடுப்பவர்கள் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

இரண்டாம், மூன்றாம் நாள்

இந்த நாட்களை நான் நன்றாக அறிவேன். பல வருட இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குப் போன முதல் நாளே, கைக்கு மட்டும் ஐந்து வகைப் பயிற்சி செய்யவைத்தார் ஒரு பயிற்சியாளர். நானும் வீறாப்பாகச் செய்தேன். மூன்றாம் நாள் காலை முழங்கைகள் பாதியில் மடங்கி நின்றுவிட்டன. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், வாயைப் பிரஷ்ஷுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் வலித்தது, வயிற்றுப் பயிற்சியும் செய்திருந்தேன்.

அந்த இரண்டு நாளும் நான் அசையாமல் படுத்துக்கிடந்தேன். செய்யக்கூடாதது அதுதான். கொஞ்ச நேரம் கிடந்து எழுந்தால் உடம்பு கட்டை போல இறுகியிருக்கும். மெல்ல நடங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், பேச்சுக்கு மூச்சு வாங்காத வேகம், நாளில் இரண்டு மூன்று முறை. சைக்கிள் மிதிக்கலாம், நீந்தத் தெரிந்தால் நீந்தலாம். கை வலித்தால் வெறுங்கையை மெதுவாக வீசலாம், தோளைச் சுழற்றலாம். அசையும்போது வலி குறையும், நின்ற சிறிது நேரத்தில் திரும்பிவிடும். திரும்புகிறதே என்று சோர வேண்டாம், அந்த இடைவெளி நிம்மதிக்காகத்தான் நடக்கச் சொல்கிறேன்.

இழுத்து நீட்டும் பயிற்சிகளால் இந்த வலி போகும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீட்டுவதால் கிடைக்கும் குறைவு உணரத்தக்க அளவில் இல்லை என்றே கண்டது. இதமாக இருந்தால் லேசாக நீட்டிக்கொள்ளுங்கள். வலிக்க வலிக்க இழுப்பது, புண்ணைக் கிளறிவிட்டு ஆறவில்லையே என்பது போல.

மசாஜ் ஓரளவு உதவும். இங்கே சொல்வது மென்மையாக நீவிவிடுவதை. முஷ்டியால் குத்திப் பிசைவதை அல்ல. வீங்கியிருக்கும் தசையை அழுத்திப் பிசையவே கூடாது. ஃபோம் ரோலர் என்ற நுரை உருளையைத் தசைமேல் உருட்டுவதும் கொஞ்சம் பலன் தரும். வெந்நீர் ஒத்தடம் இறுக்கத்தைத் தளர்த்தும். தைலம் தடவினால் குளிர்ச்சியோ எரிச்சலோ வலியிலிருந்து கவனத்தைத் திருப்பும், அது போதும் என்றால் தடவுங்கள். குளிர்நீரில் இருப்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு உண்டு. 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் என்பது வழக்கமான அளவு. இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இதை வழக்கமாக்கிக்கொள்வதும் நல்லதல்ல. 2015இல் வெளியான 12 வார ஆய்வொன்றில், அப்படிச் செய்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாக இருந்தது.

அன்றாட வேலைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சில: தலைவழியாக மாட்டும் சட்டை வேண்டாம், பொத்தான் வைத்ததைப் போடுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குங்கள். கழிப்பறையில் உட்காரும்போது கைகளை எங்காவது ஊன்றிக்கொள்ளுங்கள், தொடை திடீரென்று கைவிடும். கையை முழுதாகத் திருப்ப முடியாத நாளில் வண்டி ஓட்டாதீர்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாப்பாடும் தூக்கமும்

பழுதான தசையைக் கட்ட புரதம் வேண்டும். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 96 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முட்டை, பால், பருப்பு, மீன், இறைச்சி என எதிலிருந்து வந்தாலும் சரி. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. புரதப் பொடி வசதிக்கானது, கட்டாயமில்லை. இன்று இரவே இரட்டிப்பாகச் சாப்பிட்டால் நாளை வலி மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி நடக்காது. உடல் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிற திட்டம் இருந்தால் இந்த வாரம் ஒத்திப்போடுங்கள்.

தூக்கம் ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செய்வதுதான் கடினம்.

எப்போது திரும்பிப் போவது?

எல்லோரும் தவறும் இடம் இது. வலி போனதும் "சரியாகிவிட்டது" என்று நினைத்து அதே எடையைத் தூக்கப் போகிறோம். ஆனால் வலியும் வலுவும் ஒரே நாளில் திரும்புவதில்லை. கடுமையாக அடிபட்ட தசையின் வலு பாதிக்குமேல் குறைந்துவிடக்கூடும். வலி அடங்கிய பிறகும் அந்தக் குறைவு பல நாட்கள் நீடிக்கலாம். எனவே வலியைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், வலுவைச் சோதித்துப் பாருங்கள்.

சோதனை எளிது. கால் என்றால், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை நிதானமாக எழுந்து உட்காருங்கள். கடைசி முறையும் முதல் முறை போலவே வர வேண்டும், பொத்தென்று விழக் கூடாது. கை என்றால், முழங்கை முழுதாக நீளவேண்டும், விரல்கள் தோளைத் தொட வேண்டும். வழக்கமாக எளிதாகத் தூக்கும் எடையில் பாதியை எடுத்துப் பாருங்கள். அது வழக்கமான முழு எடை போலக் கனத்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். லேசான வலி மிச்சம் இருப்பது தடையில்லை. உடம்பு சூடேறியதும் குறைகிறதா, கூடுகிறதா என்பதைப் பாருங்கள். கூடினால் அன்று வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். இடையில் வலிக்காத பகுதிகளுக்கு மிதமாகப் பயிற்சி செய்துகொள்ளலாம். ராப்டோமயோலைசிஸ் வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்களை மருத்துவர்தான் திரும்ப அனுப்ப வேண்டும்.

திரும்பிய முதல் நாள்: முன்பு தூக்கியதில் பாதி எடை, ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), செட்டுக்கு எட்டிலிருந்து பத்து முறை. இன்னும் மூன்று நான்கு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

பயந்து மாதக்கணக்கில் போகாமல் இருப்பதும் தவறுதான். காரணம், உங்கள் வலிக்கு ஒரு கூலி கிடைத்திருக்கிறது. ஒருமுறை அடிபட்ட தசை, அதே பயிற்சியை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே சேதமடையும். இந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கும், சிலருக்கு மாதங்களுக்கும் நீடிக்கும். இதைப் பெற அவ்வளவு அடிபட்டிருக்க வேண்டியதில்லை என்பதுதான் எரிச்சலூட்டும் செய்தி. லேசான எடையில் ஒன்றிரண்டு செட் செய்திருந்தாலே அதில் கணிசமான பங்கு கிடைத்திருக்கும்.

அடுத்த முறை

ஆகவே புதிதாகத் தொடங்கும் எந்தப் பயிற்சிக்கும் முதல் இரண்டு வாரம் ஒரு செட், மிஞ்சினால் இரண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரே தசைக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: எடையையோ, எண்ணிக்கையையோ, செட்டையோ. ஐந்து வருடமாகப் பயிற்சி செய்பவரும் ஒரு புதுப் பயிற்சியை எடுக்கும் நாளில் அந்தப் பயிற்சிக்குப் புதியவர்தான். காய்ச்சலில் மூன்று வாரம் கிடந்து திரும்பியவரும் அப்படியே.

"வலித்தால்தான் வளரும்" என்பார்கள். வலி பெரும்பாலும் அந்த அசைவு உங்கள் தசைக்குப் புதிது என்பதைத்தான் சொல்கிறது. வளர்ச்சியை அளக்க அது நல்ல அளவுகோல் இல்லை. வலியே இல்லாமல் மாதக்கணக்கில் வலுவேறுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியாளர் இன்னொரு செட் கேட்டால், "இது எனக்கு முதல் வாரம், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் தலையாட்டுவார். முகம் சுளிக்கிறவரிடம் மூன்றாம் நாள் காலை யார் பல் துலக்கிவிடப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி, எடை, எத்தனை முறை என்பதை அன்றே எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அதே வரிக்கு எதிரே, படி இறங்கும்போது பத்துக்கு எவ்வளவு வலித்தது என்று ஓர் எண்ணைப் போடுங்கள். நாலுக்கு மேல் போன பயிற்சியை அடுத்த முறை கூட்டாதீர்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது, அதையும் இடது கையால்தான் கிறுக்கியிருக்கிறேன்.